மலை முதலில், தண்டவாளம் பிறகு

அவலாஞ்சிக்கு ரயில் கிடையாது. மேட்டுப்பாளையத்தில் புறப்படும் மலை ரயில் உதகையோடு நின்றுவிடும். அங்கிருந்து எமரால்டு பக்கமாக ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சாலையில் போனால்தான் அவலாஞ்சி. ஆனாலும், நீலகிரி மலை ரயிலைச் சிற்றளவில் செய்து வீட்டு மேசையில் ஓடவிட ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்த்துவர வேண்டிய இடம் அவலாஞ்சிதான் என்பது என் உறுதியான எண்ணம். இன்ஜினின் படம், பெட்டியின் அளவு, ஸ்டேஷனின் வண்ணம் எல்லாம் தேடினால் கிடைத்துவிடும். அந்த ரயில் எந்த மலையில் ஏறியதோ அந்த மலையின் பழைய முகத்தை இன்று ரயில் பாதையோரத்தில் பார்ப்பது அரிது. தேயிலையும் கட்டடமும் யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரமும் அதை மூடிவிட்டன. அவலாஞ்சியில் அது இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

மாடல் ரயில் என்றதும் பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். புனேயின் கோத்ருட் பகுதியில் பி.எஸ்.ஜோஷி உருவாக்கிய சிற்றளவு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் நடக்கிறது. சிக்னலும் தெருவிளக்கும் நகரமுமாக முழு ஊரே அங்கே மேசைமேல் இயங்குகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்ட் உலகிலேயே மிகப் பெரியது. இவற்றுக்கெல்லாம் முன்பே நம் வீடுகளில் கொலுப் பார்க் இருந்திருக்கிறது. படிகளுக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவிட்டால் அது புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடியை மண்ணில் பதித்தால் குளம். தெர்மோகோலைக் கிள்ளிக் கிள்ளிச் செதுக்கினால் மலை. அதைச் சுற்றிச் சாவி கொடுத்த ரயில் ஓடும். கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற பிள்ளைகள் காகிதத்தைக் கசக்கி, வண்ணம் தெளித்து, பாறையாக்கி நிறுத்துவார்கள். கைவேலை நமக்குப் புதிதே இல்லை.

குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. மாடல் ரயிலை முனைப்பாகச் செய்யத் தொடங்கியதும் வெளிநாட்டுப் பொட்டலங்கள் வந்து சேர்கின்றன. ஜெர்மனியின் நோக், ஃபாலர், அமெரிக்காவின் வுட்லேண்ட் சீனிக்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கும் மரம், புல், பாறை அச்சு எல்லாம் அவரவர் நிலத்துக்கு நேர்த்தியானவை. ஊசியிலை மரம் ஆல்ப்ஸ் மலைக்கு, மஞ்சள் மணல் அரிசோனாவுக்கு. அவற்றை அப்படியே கொண்டுவந்து நீலமும் பாலேட்டு நிறமும் பூசிய குன்னூர் பெட்டிகளைச் சுற்றி நட்டுவிட்டால், ரயில் மட்டும் நம்முடையதாகவும் மலை வேறு யாருடையதாகவும் நிற்கும்.

208 வளைவுகளின் காரணம்

நீலகிரி மலை ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏறுகிறது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். 1899-ல் குன்னூர் வரை ரயில் வந்தது. 1908-ல் உதகை வரை நீண்டது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இந்த எண்களை நாம் பெருமையோடு சொல்கிறோம். மாடல் செய்பவர் இவற்றைக் காரணத்தோடு படிக்க வேண்டும். 208 வளைவுகள் அழகுக்காக வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மடிப்பு, ஒரு ஓடை, உடைக்க முடியாத ஒரு பாறை முகம் இருக்கிறது. மலை இருந்தது, பாதை அதற்கு வளைந்துகொடுத்தது.

பெரும்பாலான மேசை ரயில்களில் இது தலைகீழாக நடக்கிறது. தண்டவாளத்தை வட்டமாகப் போட்டுவிட்டு, நடுவில் மிஞ்சிய இடத்தில் மலையைக் குவிக்கிறார்கள். ரயில் எதற்காக வளைகிறது என்ற கேள்விக்கு அந்த மலையிடம் பதில் இருக்காது. பார்ப்பவருக்கு மாடல் ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும், ஏதோ பொய் என்று கண் சொல்லிவிடும்.

அளவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். உலகில் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவு 1:87. அந்தக் கணக்கில் 46 கிலோமீட்டர் பாதை ஏறத்தாழ 529 மீட்டர் நீளம் பிடிக்கும். ஏற்றம் மட்டுமே 21 மீட்டருக்கு மேல், அதாவது ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம். முழுப் பாதையையும் யாராலும் செய்ய முடியாது. ஒரு துண்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கேத்தி ஸ்டேஷனும் அதன் கீழே விரியும் காய்கறிப் பள்ளத்தாக்கும் ஒரு துண்டு. கல்லாருக்கு மேலே ஒரு குகை, ஒரு பாலம், ஒரு பாறைச் சரிவு இன்னொரு துண்டு. கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையில்தான் பல்சக்கரப் பாதை. அங்கே ஏற்றம் 12.28-க்கு 1 வரை போகிறது. நான்கு அடி மேசையில் அது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரம். சாதாரண மாடல் இன்ஜின் இதில் சறுக்கிவிடும். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர் அகலப் பாதையும் பல்சக்கர இன்ஜின்களும் இங்கே உதவும். அதில் ஒரு பொருத்தமும் உண்டு. 1914 முதல் இந்த மலையில் ஏறிவரும் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலைதான். பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையே இவ்வகை இன்ஜின்களைக் கட்டத் தொடங்கியது. இரும்பைச் சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். மலையை நாமே செய்ய வேண்டும்.

செய்முறை சுருக்கமாக இதுதான். தேர்ந்தெடுத்த இடத்தின் சம உயரக் கோடுகளைப் பார்த்து, மலையின் குறுக்குவெட்டு வடிவங்களை மெல்லிய பிளைவுட்டில் அறுத்து விலா எலும்புகள்போல வரிசையாக நிறுத்துங்கள். இடையில் அட்டைப் பட்டைகளைப் பின்னி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த காஸ் துணியைப் போர்த்துங்கள். தெர்மோகோல் அடுக்கிச் செதுக்குவது எளிது. ஆனால் அதன் உருண்டைகள் வீடெங்கும் பறக்கும், விளிம்புகள் உதிரும். கட்டடக் காப்புக்குப் பயன்படும் கெட்டியான ஃபோம் பலகை கிடைத்தால் அது நல்லது. இத்தனையும் முடிந்தபின் பாதைக்கு மலையை வெட்டுங்கள். ஒரு பக்கம் வெட்டிய மண் சுவர், மறுபக்கம் கல் அடுக்கித் தாங்கிய விளிம்பு. நிஜப் பாதையும் இப்படித்தான் போடப்பட்டது.

கறுத்த பாறை, சிவந்த மண்

நீலகிரியின் பாறை சார்னோகைட். நீலச் சாயல் கொண்ட கருஞ்சாம்பல் நிறம். பல கோடி ஆண்டு வெயிலும் மழையும் அதை முனை மழுக்கி உருட்டிவிட்டிருக்கின்றன. ஆல்ப்ஸ் போலக் கூரிய முகடுகள் இங்கே குறைவு. ஐரோப்பியப் பாறை அச்சில் வார்த்த பிளாஸ்டரை வெளிர்சாம்பல் பூசி நிறுத்தினால் அது நீலகிரி ஆகாது. அகன்ற, வளைந்த முகங்களைச் செதுக்கி, முதலில் அடர்சாம்பல் பூசி, காய்ந்ததும் தண்ணீராகக் கரைத்த கறுப்பை மேலிருந்து வழியவிட வேண்டும். மழைநீர் வழிந்து வழிந்து பாசி படிந்த கறுப்புக் கோடுகள் நம் பாறைகளின் கையெழுத்து. பிறகு ஈரமில்லாத தூரிகையால் வெளிர்சாம்பலை மேடுகளில் மட்டும் தொட்டுத் தொட்டு ஒற்றினால் பாறைப்பூசணத் திட்டுகள் வந்துவிடும்.

மண் செம்மண். அதற்கு வண்ணம் எதற்கு? மண்ணையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டுத் தோட்டத்திலோ, தெரிந்தவரின் தேயிலைத் தோட்டத்திலோ கேட்டு எடுத்த ஒரு டம்ளர் மண் போதும். அவலாஞ்சி காப்புக்காடு; அங்கிருந்து மண்ணோ செடியோ ஒரு துளியும் எடுக்கக் கூடாது, படம் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். எடுத்த மண்ணை வாணலியில் நன்றாக வறுக்க வேண்டும்; பூச்சியும் பூஞ்சணமும் போய்விடும். அதன்பின் காந்தத்தை மேலே நகர்த்திப் பாருங்கள். செம்மண்ணில் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்காவிட்டால் இன்ஜினின் மோட்டாருக்குள் போய்க் கெடுத்துவிடும். கடைசியாக மெல்லிய துணியில் சலித்து, தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலைத் தடவி, மேலே தூவ வேண்டும். ஃபெவிகால் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் பசை மண்ணின்மேல் முத்தாக நிற்காமல் உள்ளே இறங்கும்.

தண்டவாளத்துக்கடியில் போடும் ஜல்லிக்கும் இதே கவனம் வேண்டும். நிஜ ஜல்லி 50 மில்லிமீட்டர் என்றால் 1:87 அளவில் அது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கிரஷர் தூளை டீ வடிகட்டியில் சலித்தால் கச்சிதமாகக் கிடைக்கும். நிறமும் நம் கருங்கல்லின் நிறமே.

மண்சரிவையும் விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்தில் கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே மண்ணும் பாறையும் சரிந்து ரயில் நிற்பது எல்லோரும் அறிந்த செய்தி. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கும் மேலான மழை அது. அப்படி ஒரு மழைக்குப் பின் சரிவில் நீளமான செந்நிறத் தழும்பு விழும்: மேலே குறுகி, கீழே விசிறியாக விரிந்து, அடியில் வேரோடு சாய்ந்த மரங்களும் உருண்டைப் பாறைகளும் கிடக்கும். சில மாதங்களில் விளிம்பிலிருந்து புல் ஏறத் தொடங்கும். பளிச்சென்று பச்சையாகச் செய்து வைத்த மலையில் இப்படி ஒரே ஒரு தழும்பைச் சேர்த்துப் பாருங்கள். அது மழை பெய்யும் மலையாகிவிடும்.

சோலை நிற்கும் இடம்

இனி அவலாஞ்சியில் நின்று பார்க்க வேண்டியவற்றுக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே, முக்கூர்த்தி தேசியப் பூங்காவை ஒட்டிய மலைகள். அலை அலையாகப் புல்வெளி. இரண்டு மேடுகள் சந்திக்கும் மடிப்புகளில் மட்டும் அடர்ந்த காடு. இதுதான் சோலை. மேட்டில் புல், பள்ளத்தில் மரம் என்ற இந்தப் பங்கீடு தற்செயலானதல்ல. மடிப்பில் ஈரம் தங்கும், மண் ஆழமாக இருக்கும், காற்று குறைவு. திறந்த வெளியில் டிசம்பர், ஜனவரி மாத உறைபனி சோலை மரங்களின் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது, புல் தாங்கிக்கொள்கிறது. தீயும் மேய்ச்சலும் தம் பங்குக்குப் புல்லைக் காத்தன. காரணம் தெரிந்தால் மரத்தை எங்கே நடுவது என்ற குழப்பமே எழாது. மலை உச்சியில் கைக்கு வந்தபடி மரத்தைக் குத்திவைக்கும் பழக்கம் தானாகப் போய்விடும்.

அடுத்து கவனிக்க வேண்டியது சோலையின் விளிம்பு. மாடல் செய்பவர்கள் காட்டை ஓரத்தில் மெல்ல மெல்லக் குறைத்து, புதர், செடி, புல் என்று முடிப்பார்கள். ஐரோப்பியக் காட்டுக்கு அது சரி. சோலை அப்படி முடியாது. கத்தி வைத்து வெட்டியதுபோல ஓரிடத்தில் நின்றுவிடும். ஓரடி தள்ளினால் புல். விளிம்பு மரங்களின் கிளைகள் தரைவரை இறங்கிச் சுவராக மூடியிருக்கும். அந்த விளிம்பில்தான் காட்டுப் பூவரசு நிற்கிறது, குளிர் முடியும் பருவத்தில் ரத்தச் சிவப்பாகப் பூத்து. தவிட்டுப்பழச் செடியின் இளஞ்சிவப்புப் பூக்களையும் ஓரங்களில் காணலாம்.

சோலை மரங்கள் குட்டையானவை. 15 மீட்டர் என்று வைத்தால் 1:87 அளவில் 17 சென்டிமீட்டர். அத்தனை மரங்களையும் தனித்தனியாகச் செய்ய அவசியமில்லை. வெளியிலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது நெருங்கி நிற்கும் உருண்டைத் தலைகள் மட்டுமே. அவலாஞ்சியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் ஒரு சோலைக்குக் காலிஃபிளவர் சோலை என்றே பெயர். அடியில் ஃபோமை மேடாகச் செதுக்கிக் கறும்பச்சை பூசி, அதன்மேல் உருண்டைகளை நெருக்கி ஒட்டினால் போதும். முன்வரிசையில் நிற்கும் ஏழெட்டு மரங்களுக்கு மட்டும் மெல்லிய கம்பியை முறுக்கித் தண்டும் கிளையும் செய்யலாம். இலைக்குப் பழைய மெத்தை ஸ்பாஞ்சைத் தண்ணீர் விட்டு, இனி சமையலுக்கு எடுக்காத மிக்ஸி ஜாரில் அடித்து, துணிச் சாயத்தில் ஊறவைத்துக் காயவைத்தால், கடையில் வாங்கும் பொட்டலத்துக்குச் சற்றும் குறையாத பொடி கிடைக்கும். நிறத்தில்தான் கஞ்சம் கூடாது. ஐந்து பச்சைகளாவது வேண்டும். கூடவே செம்பு நிறமும் இளஞ்சிவப்பும், ஏனென்றால் சோலை மரங்கள் பலவற்றின் தளிர் சிவப்பு. தளிர்ப் பருவத்தில் ஒரு சோலையைப் பார்த்தவர் இனி ஒற்றைப் பச்சையில் காடு செய்ய மாட்டார்.

புல்லுக்கு வருகிறேன். நைலான் இழைகளை மின்புலத்தின் உதவியால் நட்டுக்குத்தலாக நிற்கவைத்து ஒட்டும் முறை இப்போது உலகமெங்கும் புழங்குகிறது. சல்லடைக்கும் பசை தடவிய தரைக்கும் இடையே உயர் மின்னழுத்தம் கொடுத்தால் இழைகள் நிமிர்ந்து விழும். இதற்கான கருவியைக் கொசு அடிக்கும் பேட்டையும் டீ வடிகட்டியையும் வைத்தே பலர் செய்துகொள்கிறார்கள். மின்வேலை தெரிந்தவர் கையால் மட்டும் செய்ய வேண்டியது. அந்த அழுத்தம் சுண்டினால் வலிக்கும். முழங்கால் உயரப் புல் இந்த அளவில் 5 மில்லிமீட்டர். அவலாஞ்சியின் புல் பூங்காப் புல்தரை போல ஒரே சீராகப் படர்வதில்லை. கொத்துக் கொத்தாக வளர்வது. இரண்டு மில்லிமீட்டர் இழையை முதலில் பரப்பி, அதன்மேல் நீள இழைகளைத் திட்டுத் திட்டாக நிறுத்த வேண்டும். இதற்குத் தேங்காய் நாரும் சணலும்கூட நன்றாகவே உழைக்கும்.

எந்த மாதம் என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். தென்மேற்குப் பருவமழை முடிந்த செப்டம்பரில் புல் கண் கூசும் பச்சை. ஜனவரியில் உறைபனி பட்டுக் கருகி வைக்கோல் நிறம். சோலை மட்டும் அதே கறும்பச்சையில் நிற்கும். பொன்னிறப் புல்லுக்கு நடுவே கறுத்த சோலை என்ற அந்த ஜனவரிக் காட்சிதான் என் தேர்வு. நீல வண்ண ரயில் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி இல்லை.

கொழுந்து, கவாத்து, கற்பூர மரம்

குன்னூர்ப் பகுதியைச் செய்கிறவர் தேயிலையிலிருந்து தப்ப முடியாது. இங்கே எளிய வழி ஒன்று பரவியிருக்கிறது: பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை நீளமாக வெட்டி வரிசையாக ஒட்டிவிடுவது. அளவு சரிதான், செடியின் உயரம் ஒரு மீட்டருக்குள் என்பதால் ஒரு சென்டிமீட்டர் கனம் போதும். வரிசை மட்டும் நேர்கோட்டில் போகக் கூடாது. சரிவின் வளைவை ஒட்டியே தேயிலை நடப்படுகிறது. இடையிடையே மழைநீர் வடிய வெட்டிய கான்கள், கொழுந்து பறிப்பவர்கள் நுழைந்து நுழைந்து உண்டான வழிகள். பறித்துப் பறித்துச் சமமான மேல்பரப்புக்குக் கீழே கிளைகள் இருட்டாக இருக்கும்; ஆகவே ஓரங்களைக் கறுப்பாக்கி, மேற்பரப்பில் மட்டும் இளம்பச்சைப் பொடியைத் தூவ வேண்டும். எல்லாக் காடும் ஒரே சமயத்தில் பறிக்கப்படுவதில்லை. ஒரு பக்கம் கொழுந்து நிறைந்து பளபளக்கும், பக்கத்துப் பக்கம் பறித்து முடிந்து கறுத்திருக்கும், இன்னொரு பக்கம் கவாத்து வெட்டிய குச்சிகளாக வெறிச்சென்றிருக்கும். இந்தக் கவாத்துக் காட்டைச் செய்தவர்கள் மிகக் குறைவு. பழுப்பு நிறத் தேங்காய் நாரைக் கத்தரித்து நட்டால் அது வந்துவிடும். நடுநடுவே கிளை கழித்த சில்வர் ஓக் மரங்கள், சரிவின் மடிப்பில் தகரக் கூரை போட்ட ஃபேக்டரி, அதற்குக் கீழே லயன் வீடுகள், அந்த வீட்டு வாசல்களில் காயும் துணிகள். மனிதர்கள் இந்த அளவில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. கொழுந்துப் பையோடு குனிந்து நிற்கும் பெண்கள் எந்தப் பொட்டலத்திலும் வருவதில்லை. கம்பியும் களிமண்ணும் கொண்டு அவர்களை நாம்தான் செய்ய வேண்டும். செய்யாமல் விட்ட தேயிலைக் காடு வெறும் பச்சைக் கம்பளம்.

கற்பூர மரமும் வாட்டில் எனப்படும் சீகை மரமும் தனி. கற்பூர மரத்துக்கு நெடுநெடுவென்ற வெளிறிய தண்டு, உரிந்து தொங்கும் பட்டை, உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை. ஒரே வயதில் வரிசையாக நட்டதால் எல்லாம் ஒரே உயரம். சீகைக்கு இறகு போன்ற மங்கலான இலை, இடைவெளியே இல்லாத நெருக்கம். சோலைக்குச் செய்த உருண்டைத் தலை இரண்டுக்கும் ஒத்துவராது.

தண்ணீருக்குச் சில வரிகள் போதும். எமரால்டும் அவலாஞ்சியும் இயற்கை ஏரிகள் அல்ல. 1950களில் கனடாவின் உதவியோடு தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கங்கள். நீர் இறங்கும்போது தண்ணீருக்கும் புல்லுக்கும் நடுவே எதுவும் முளைக்காத செம்மண் பட்டை வளையமாகத் தெரியும். இதைச் சேர்த்தால் அது அணை. விட்டுவிட்டால் வெறும் குட்டை. அடிப்பரப்பை நடுவில் கறுநீலமாகவும் கரையோரம் மண்ணிறமாகவும் பூசி, மேலே எபாக்ஸி பிசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும்.

மூடுபனியை மட்டும் பொருளால் செய்ய முடியாது. தண்ணீரைப் புகையாக்கும் கருவிகள் பிளாஸ்டரையும் தண்டவாளத்தையும் கெடுத்துவிடும். நல்ல வழி தூரத்தை நிறத்தால் காட்டுவது. முன்னால் உள்ள மலைக்கு முழு நிறம், அடுத்ததற்கு அதில் வெள்ளையும் நீலமும் கலந்து, கடைசி மலை வானத்தோடு கலக்கும் வெளிர்நீலம். பின்திரைக்கும் கடைசி மலைக்கும் நடுவே மெல்லிய வெள்ளை வலைத்துணி ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டால் பனி இறங்கிவிடும். பின்னால் வைக்கும் வீடுகளை 1:160 அளவில் செய்தால் பள்ளத்தாக்கு இன்னும் ஆழமாகத் தெரியும். நம் ஊர்களின் ஈரத்துக்கும் கரையானுக்கும் அஞ்சுகிறவர்கள், காகித வேலைக்கான மைதாப் பசையில் புத்தகம் பைண்டு செய்பவர்களைப் போல ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்துக்கொள்ளலாம். அது நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

எந்த வருடத்து மலை?

இத்தனையும் கற்றபின் எழும் கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரே மலையை எந்த ஆண்டில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். 1908-ல் ரயில் உதகைக்கு வந்தபோது ஊரை ஒட்டிக் கற்பூர மரத் தோப்புகள் ஏற்கெனவே வந்திருந்தன. அவற்றைத் தாண்டி மேற்கே குந்தா மலைகள் புல்லும் சோலையுமாகவே கிடந்தன. அவலாஞ்சியில் அணை இல்லை. சுதந்திரத்துக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகவும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் மரக்கூழுக்காகவும் சீகையும் கற்பூரமும் பல்லாயிரம் ஏக்கர் புல்வெளியில் நடப்பட்டன. சீகை தானாகவும் பரவியது. வரையாடு மேய்ந்த, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்த சரிவுகள் பல இன்று மரக்காடாகத் தெரிகின்றன. காடு பெருகிவிட்டது என்று பார்ப்பவர் மகிழ்கிறார். அழிந்தது ஒரு நிலம் என்பதும், ஓடைகளுக்கு நீர் ஊட்டிய புல் அது என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை இப்போது நடக்கிறது. அது தலைமுறைகள் எடுக்கும் வேலை.

இங்கிலாந்தில் ஒருவர் இதே நிலைமையில் மாடல் ரயிலைக் கையில் எடுத்தார். ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலியர் 1925-ல் அங்கே வந்து, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கேயுள்ள பள்ளத்தாக்கின் பழைய கூரை வீடுகள் கண்ணெதிரே மாறுவதைப் பார்த்தார். அளந்து, படமெடுத்து, ஒவ்வொன்றாக அட்டையில் செய்யத் தொடங்கினார். அதிலிருந்து 1954-ல் பென்டன் அருங்காட்சியகம் பிறந்தது. 1930களின் அந்தப் பள்ளத்தாக்கு வயலும் வேலியும் வீடுமாக 1:76 அளவில் இன்றும் அங்கே இருக்கிறது. ரயில் ஓடுகிறது, ஆனால் மக்கள் பார்க்கப் போவது நிலத்தை.

நீலகிரிக்கு அப்படி ஒன்று வேண்டும். உதகை ரயில் நிலையத்திலோ மேட்டுப்பாளையத்திலோ, ஒரு அறை அளவுக்கு, 1908-ன் மலையைச் செய்து வைக்க வேண்டும். ரயில்வேயும் வனத்துறையும் நீலகிரியின் பள்ளிகளும் சேர்ந்தால் முடியாத காரியமல்ல. வடிவத்துக்கு வரைபடம் இருக்கிறது, நிறத்துக்கு அவலாஞ்சியும் குந்தா மலைப் பகுதியிலுள்ள கோரகுந்தாவும் இருக்கின்றன. எந்தச் சரிவில் எருமை மேய்ந்தது, எந்த மடிப்பில் எந்தச் சோலை நின்றது, எந்த ஓடை கோடையிலும் வற்றாதிருந்தது என்பதெல்லாம் தோடர்களின் ஊர்களான மந்துகளிலும் படுகர்களின் ஊர்களான ஹட்டிகளிலும் குந்தாவின் தோட்ட லயன்களிலும் உள்ள பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக அவர்களிடம் போய்க் கேட்டு, சரிவு சரிவாக எழுதிக்கொண்டு வரட்டும். பிளைவுட் அறுப்பதை அதற்குப் பிறகு தொடங்கலாம்.